உறுதி எழுதிக் கொடுத்தவர்

“ஆண்டவரே, நான் முழுவதும் உமக்கே” என்று குடும்பச் செபத்தில் சொல்லி எழும்புகிறோம். மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், எதிர்பார்த்த உத்தியோகம் கைநழுவினால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறோம். நீங்கள் மட்டுமல்ல, குருவாகிய நானுந்தான்.

புனித யோசவ்வாஸ் அடிகளார் 1677ஆம் ஆண்டு ஆவணி 5ந் திகதி கோவாவில் ஒரு பத்திரம் எழுதி, தம்மைத் தேவதாய்க்கு அடிமையாக ஒப்புக்கொடுத்தார். காணி உறுதி எழுதுவதுபோல எழுதிக் கையொப்பமிட்டார். சோதனை பின்புதான் வந்தது.

1687இல், ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்திருந்த நம் நாட்டுக்கு ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்தார். வந்ததும் கிடைத்தது என்ன? வயிற்றுளைவு! அனுப்பிய ஆண்டவரே கைவிட்டார் என்று எண்ண அவருக்கு நியாயமிருந்தது. எழும்பி, சில்லாலையில் மறைந்திருந்து இரவில் திருப்பலி நிறைவேற்றினார். 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய உளவாளி என்று சிறையிலிட்டார்கள்.

சிறையில் அவர் சிங்களம் படித்தார். இதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. விடுதலைக்காகச் செபித்திருப்பார், ஐயமில்லை. ஆனால் அது வரும்வரை கைகட்டி இருக்கவில்லை. இறைவனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்லிச் சோர்ந்து கிடப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவரோ காவல் தளர்ந்ததும் அவ்விடத்திலேயே ஒரு குடிலைச் சிற்றாலயமாக்கினார். ஒளிந்து வாழ்ந்த கத்தோலிக்கர் தேடிவந்தார்கள்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. சொந்தக்காரரே நோயாளரைக் கைவிட்டு ஓடினார்கள். அடிகளார் ஓடவில்லை, அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார்.

1711 தை 16ந் திகதி கண்டியில் மரித்தார். அவரது கல்லறை எங்கே என்று இன்று எவருக்கும் தெரியாது.