எல்லைக்கு இப்பால் மதுவிலக்கு

கேள்வி: முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் மதுவிலக்கும் கேளிக்கையும் ஒன்றாகவே வளர்ந்தனவாமே! நம் பக்கம் அப்படி ஏதும் நடந்ததுண்டா?
– வாசகர், மண்டபத்தூர்

பதில்: உங்கள் ஊர் எல்லையிலேயே நடந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. வசதி இருந்தவர்கள் ஹவானாவுக்குக் கப்பலேறிக் குடித்தார்கள். இங்கே இரண்டாம் உலகப் போர் முடிந்த மூன்றாம் ஆண்டில், 1948 அக்டோபர் 2 அன்று, ஓமந்தூரார் ஆட்சி மதுவிலக்கைச் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரித்தது. காரைக்காலோ அப்போது பிரெஞ்சு மண். தரங்கம்பாடியில் குடித்தால் வழக்கு. சற்றுத் தள்ளி, காரைக்காலைச் சேர்ந்த மண்டபத்தூரில் குடித்தால் கேட்பாரில்லை. தஞ்சை மாவட்டத்து ஆண்கள் பொழுதுபோக்க எல்லை தாண்டினார்கள். சைக்கிள் டியூபில் சாராயம் நிரப்பிக் கடத்துவது ஒரு பிழைப்பாகவே ஆனது.

1949-இல் இந்தியா இந்த எல்லையில் சுங்கக் காவலையும் போட்டதும், கல்யாணத்துக்குப் போகிற பெண்ணின் துணிமூட்டைகூடச் சோதனைக்குள்ளானது. குடித்தவனைவிட அவள் பட்ட அவமானம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சென்னையின் மதுவிலக்கு காரைக்காலுக்குள் நுழையவில்லை. கொடி மாறியும் கடைகள் மூடவில்லை. எல்லை தாண்டிய ஆண்கள் அங்கே குடித்துத் தீர்த்த கூலிப்பணம் தஞ்சைப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் திரும்பவும் இல்லை.