பவளப் பாரும் அதன் பகைகளும்

பவளம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது செந்நிறமே. நவமணிகளுள் ஒன்றாக அதனை எண்ணிய நம் முன்னோர், மகளிரின் இதழுக்கும் அதனையே உவமை கூறினர். ஆனால் அணிகலன்களில் பதிக்கப்படும் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் விளைந்து, வணிகர் கைவழியே நம் நாட்டிற்கு வந்ததாகும். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் வளரும் பவளம் வேறு வகை. அதன் எலும்பு வெண்மையானது. மேலே போர்த்திருக்கும் மெல்லிய தசைக்கே நிறம் உண்டு. கடலடியில் இது பரந்து கிடக்கும் மேட்டை நம் கடற்கரை மக்கள் 'பார்' என்பர். முத்துச்சிப்பி விளையும் மேட்டிற்கும் அதுவே பெயர்.

பவளக்கொடி என்னும் பெயரே முன்னோர் இதனைச் செடியினமாகக் கருதியதைக் காட்டுகிறது. ஐரோப்பியரும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். பிரெஞ்சு நாட்டு மருத்துவரான பெய்சொனல் என்பார் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பவளத்தின் 'மலர்' எனப்பட்டது உண்மையில் ஒரு சிறு விலங்கே என்று கண்டறிந்து கூறினார். பாரிசு நகர அறிஞர் அவையோ அதனை எளிதில் ஏற்கவில்லை. பெரியார் ஒருவர் புதிதாக ஒன்றைக் கூறும்பொழுது அவையினர் நகைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம் போலும்!

அவ் விலங்கின் அமைப்பு மிக எளியது. சிறு குழல் போன்ற உடல், மேற்புறம் ஒரு வாய், வாயைச் சுற்றி விரல்கள் போன்ற உணர்கைகள், இவ்வளவே. இரவில் உணர்கைகளை நீட்டி நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்ணும். ஆயினும் பெரும்பகுதி உணவு அதற்குக் கிடைப்பது வேறு வழியில். அதன் தசைக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைப் பாசி குடியிருக்கிறது. அப்பாசி கதிரவன் ஒளியைக் கொண்டு சருக்கரைப் பொருளை ஆக்கிப் பவளத்திற்கு அளிக்கிறது; பவளம் தன் கழிவுப் பொருள்களைப் பாசிக்கு உரமாகத் தருகிறது. இவ்வாறு ஊட்டம் பெற்ற சிற்றுயிர், கடல்நீரிலுள்ள சுண்ணப் பொருளைப் பிரித்துத் தன் அடியிலே கல்லாகப் படிய வைக்கிறது. இங்ஙனம் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் படிந்த கல்லே பார் ஆகும்.

ஒரு பவளக் கொத்தில் பல்லாயிரம் உயிர்கள் உள. அவை தனித்தனியே வாழ்வன அல்ல. அவற்றின் இணைப்பைத் திருப்பூர் வட்டாரத்து மாணவர் எளிதில் உணர்வர். தறியில் நெய்த துணியில் பாவும் ஊடும் வெவ்வேறு நூல்களாம். பனியன் துணியிலோ நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒரு கண்ணியை மற்றொரு கண்ணி தாங்கி நிற்கிறது. அத்துணியில் ஒரு கண்ணி அறுந்தால் நேர்வது யாது? அந்த இடத்தோடு நில்லாமல், ஏணிப்படி போலக் கீழ்நோக்கி அவிழ்ந்துகொண்டே செல்கிறதன்றோ? பவளக் கொத்திலும் ஓர் உயிரின் தசை அடுத்த உயிரின் தசையோடு தொடர்ந்தே இருக்கிறது. ஓரிடத்தில் தசை அழுகத் தொடங்கின், அழிவு அங்கிருந்து விளிம்பு விளிம்பாக நகர்ந்து, கொத்து முழுவதையும் வெறும் கல்லாக்கிவிடக் கூடும். துணிக்கும் பவளத்திற்கும் ஒரு வேற்றுமை உண்டு. துணி தன்னைத் தானே தைத்துக்கொள்ளாது. பவளமோ, பகை நீங்கினால், புண்ணின் மேல் மீண்டும் தசையை வளர்த்து மூடிக்கொள்ளும்.

பவளம் வெளுத்தலையும் தசை இழத்தலையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது. நீரின் வெப்பம் மிகுந்தால் உள்ளிருக்கும் பாசியைப் பவளம் வெளியேற்றிவிடுகிறது. அப்பொழுது நிறம் போய் வெண்மை தோன்றினும் தசை உயிரோடே இருக்கும். வெப்பம் விரைவில் தணியின் பாசி திரும்பும், பவளமும் பிழைக்கும். தசை இழப்பில் வெண்மையாகத் தோன்றுவது எலும்பே. சில நாளில் அவ்வெலும்பின்மேல் வேறு பாசி படிந்து பச்சையும் பழுப்புமாகும். அதன்பின் அவ்விடத்தில் பவளம் மீள்வது அரிது.

தசை இழப்பின் காரணங்களைக் கூர்ந்து நோக்கும் வாய்ப்பு, கடலைவிடக் கண்ணாடித் தொட்டியில் மிகுதி. மேல்நாடுகளில் காட்சிச்சாலைகளிலும் சிலர் வீடுகளிலும் பவளம் வளர்க்கும் தொட்டிகள் உள. அங்கே மான்கொம்பு போலக் கிளைக்கும் 'அக்ரோபோரா' என்னும் பவளம் காரணம் தெரியாமல் வெளிறி மடிந்து வந்தது. உற்று நோக்கியபொழுது, அதன் கிளைகளில் தட்டையான ஒருவகைப் புழு ஒட்டியிருக்கக் கண்டனர். பவளத்தின் தசையை உண்டு, அத்தசையின் நிறமே தன் உடலிலும் தோன்ற நிற்பதால், அப்புழு எளிதில் கண்ணுக்குப் புலனாவதில்லை. கிளையில் வட்ட வட்டமாகக் காணும் வெண்புள்ளிகளே அதன் கடிவாய்கள். இப்புழுவைத் தொட்டிகளிலிருந்து எடுத்து ஆராய்ந்து 2011 ஆம் ஆண்டிலேதான் அதற்கு அறிவியற் பெயர் இட்டனர். கடலில் அது வாழ்வதை ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாரில் முதன்முதலாகக் கண்டு 2012 இல் வெளியிட்டனர். கடலில் தோன்றிய உயிரைக் கண்ணாடித் தொட்டி முந்திக் காட்டியது வியப்பே. கடலில் சிறு மீன்கள் இதனைத் தேடித் தின்று அளவோடு வைத்திருக்கின்றன. காவலர் இல்லாத தொட்டியில் அது பெருகிவிடுகிறது. 'மாண்டிபோரா' என்னும் பவளத்திற்கோ, ஓடில்லாத வெண்ணிற நத்தை ஒன்று இவ்வாறே பகை.

இவற்றை ஒழிக்கும் முறை பொறுமையைச் சோதிப்பது. பவளத் துண்டை மருந்து கலந்த கடல்நீரில் சில நிமிடம் அமிழ்த்தி அலசினால் புழுக்கள் உதிர்ந்து விழும். அதனோடு வேலை முடிந்தது என்று எண்ணுவோர் ஏமாறுவர். புழு, தசை நீங்கிய எலும்பின் மேல் முட்டைகளை ஒட்டி வைத்திருக்கும். எந்த மருந்தும் அம்முட்டையின் தோலைக் கடந்து செல்வதில்லை. அவை பொரிய இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம். ஆகவே, முட்டைகளைச் சுரண்டி எடுத்து, வாரந்தோறும் மீண்டும் மீண்டும் அலசி, பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுமுன் அதனை அழிக்க வேண்டும். புதிதாக வந்த துண்டைப் பழைய தொட்டியில் இடாமல், வேறொரு தொட்டியில் சில வாரம் தனித்து வைத்துப் பார்ப்பது இதனினும் நன்று.

புழு ஏதுமின்றியே சில வேளை தசை உரிவதுண்டு. நீரின் உப்பு, வெப்பம், காரத்தன்மை ஆகியவற்றுள் ஒன்று திடீரென மாறினால், முன்னாள் நலமாய் இருந்த கொத்து மறுநாளே தசை கழன்று நிற்கும். தளர்ந்த தசையில் பாக்டீரியாக்கள் பெருகிக் கேட்டை விரைவாக்கும். அப்பொழுது கைதேர்ந்தோர் செய்வது அறுவை மருத்துவமே. அழுகும் விளிம்புக்கு அப்பால், நலமுள்ள தசையிலேயே சற்று உள்தள்ளி வெட்டி, நல்ல கிளைநுனிகளைப் பிரித்து வைப்பர். விளிம்பை ஒட்டியே வெட்டினால் நோயும் உடன் வரும். சிறிது நல்ல தசையையும் இழக்கத் துணிந்தவர்க்கே எஞ்சியது பிழைக்கும்.

நம் நாட்டில் இத்தகைய தொட்டி வைக்க விரும்புவோர் ஒன்றை அறிதல் வேண்டும். கல் போன்ற எலும்புடைய பவளங்கள், 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 இல் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு அவற்றிற்கும் உண்டு. நம் கடலிலிருந்து அவற்றைப் பெயர்த்தலும் விற்றலும் குற்றமாகும்.

பூச்சியைப் பூச்சியால் அடக்குதலைக் கொங்கு நாட்டு உழவர் நன்கு அறிவர். 2008 இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, விரைவில் திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி முதலிய பயிர்களைப் பாழாக்கியது. மருந்து தெளித்தும் மெழுகுப் போர்வை அதனைக் காத்தது. அது அயல்நாட்டிலிருந்து வந்த பூச்சியாதலால், அதனை அடக்கும் பகைப்பூச்சி இங்கே இல்லை. 2010 இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மிகச் சிறிய குளவியினம் ஒன்றைக் கொணர்ந்து வயல்களில் விட்டனர். மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளே முட்டையிடும் அக்குளவி, மருந்தால் ஆகாததைச் செய்து முடித்தது.

பவளப் பாரிலும் இத்தகைய காவலர் உளர். பதினைந்துக்கு மேற்பட்ட கைகளும் மேனியெல்லாம் நச்சுமுள்ளும் உடைய முட்கிரீட நட்சத்திர மீன், தன் வயிற்றையே வெளியே பிதுக்கிப் பவளத்தின்மேல் பரப்பித் தசையைக் கரைத்து உறிஞ்சும். சில பவளக் கிளைகளுக்கிடையே வாழும் சிறு நண்டு, தன்னினும் பன்மடங்கு பெரிய அவ்வுயிரின் கால்களைக் கிள்ளி விரட்டுகிறது! தான் குடியிருக்கும் வீட்டைக் காக்கும் அதன் வீரம் பெரிது. நட்சத்திர மீன் கூட்டமாகப் பெருகும்பொழுது நண்டு மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவில் மூழ்குவோர் ஒவ்வொன்றாகத் தேடிப் பித்தநீர் உப்பையோ காடியையோ ஊசியால் செலுத்திக் கொல்கின்றனர். அதனை வாளால் துண்டாக்கும் பழைய முறை கேடாகவே முடியும். துண்டுகளுள் சில மீண்டும் முழு உயிராகக் கூடும்.

தொட்டியில் கற்ற அறுவையும் கடலுக்குச் சென்றது. 2014 இல் அமெரிக்காவின் மயாமி நகரையொட்டிய கடலில் தசையை இழக்கச் செய்யும் கொள்ளைநோய் ஒன்று தோன்றி, புளோரிடாக் கரை நெடுகவும் பின்னர் கரீபியத் தீவுகளிலும் பரவியது. மூழ்கு மருத்துவர் நோய் விளிம்பில், 'அமாக்சிசிலின்' கலந்த களிம்பைக் கையால் அழுத்திப் பூசினர். காட்டுத்தீயைத் தடுக்க இடைவெளி வெட்டுவதுபோல நோய்க்கும் நல்ல தசைக்கும் இடையே கல்லைச் செதுக்கியும் வைத்தனர். களிம்பு பூசிய இடத்தில் நோய் பெரும்பாலும் நின்றது. ஆனால் அதே கொத்தின் வேறிடத்தில் புதுப்புண் தோன்றுதலும் உண்டாதலால் மீண்டும் சென்று பார்க்க வேண்டியிருந்தது. நோய் எட்டாத கொத்துகள் பலவற்றைப் பெயர்த்து உள்நாட்டுக் காட்சிச்சாலைகளின் தொட்டிகளில் வைத்து வித்துக்காக வளர்த்தனர்.

இனி நம் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பாரும் 1986 இல் கடல் தேசியப் பூங்காவாயின. பவளப் பார் பற்றிய முதல் அனைத்துலக ஆய்வரங்கு 1969 இல் கூடியது மண்டபத்திலேதான் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. அப்பெருமைக்குரிய கடலிலேயே, சுண்ணாம்புச் சூளைக்காகப் பவளக்கல்லை வண்டி வண்டியாகப் பெயர்த்தெடுத்தும் வந்தோம். கீழக்கரைக்கு அருகே பூவரசன்பட்டி, தூத்துக்குடிக்கு அருகே விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் இன்று நீருக்குமேல் இல்லை. அலையைத் தடுத்து நின்ற பாரைத் தோண்டியதன் பயன் அது.

குருசடைத் தீவில் பகை பாசி வடிவில் வந்தது. பிலிப்பைன்சுக் கடலுக்குரிய 'கப்பாபைகஸ்' என்னும் பாசி, கூழ்ப்பொருள் எடுப்பதற்காக இங்கே கொணர்ந்து வளர்க்கப்பட்டது. பனிக்கூழிலும் பற்பசையிலும் அக்கூழ்ப்பொருள் சேர்கிறது. கரையோர மகளிர் பலருக்கு அது கூலியும் அளித்தது. அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அப்பாசி வளர்ப்பிடத்தைக் கடந்து, குருசடையின் பவளத்தின்மேல் படர்ந்திருப்பது 2008 இல் வெளிப்பட்டது. கம்பளம் போல மூடி ஒளியை மறைப்பதால் அடியிலுள்ள பவளம் மூச்சடைத்து மடிகிறது. மூழ்கிக் கையால் பிடுங்குவதே மருந்து. பிடுங்கும்பொழுது நகத்தளவு துணுக்கு நழுவினாலும் அது வேறோரிடத்தில் ஒட்டி வளரும். ஆகவே பிடுங்கியதை அங்கேயே பையிலிட்டுக் கரைசேர்க்க வேண்டும். தட்டைப்புழுவின் முட்டையைப் போல இங்கும் மீண்டும் மீண்டும் செல்லாமல் தீர்வில்லை.

கையால் பிடுங்க முடியாத பகை வெப்பம். 2016 கோடையில் நீர் காய்ந்தது. வெளுத்த பவளம் பல மீளவில்லை. மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு நூற்றுக்கு 38.9 பங்கிலிருந்து 22.7 பங்காகக் குறைந்தது. இதனைக் கணக்கிட்டு வெளியிட்டவர், தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார். 2002 முதல் பவளத்தை மீண்டும் நடும் பணியைத் தொடங்கியவரும் அவரே. நலமான கொத்திலிருந்து சாண் அளவிற்கும் குறைந்த துண்டுகளை எடுத்து, சிமெண்டுப் பலகையில் நைலான் கயிற்றால் கட்டி, கடலடியில் நிறுத்திய கான்கிரீட்டுச் சட்டத்தின்மேல் வைக்கின்றனர். மணல் மூடாதபடி சட்டம் உயர்ந்து நிற்கிறது. முதற் சில திங்களில் பாசியும் நத்தையும் துண்டை அணுகாமல் பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. அதன்பின் துண்டின் அடித்தசை வழிந்து பலகையின்மேல் படரத் தொடங்குகிறது; கட்டிய நைலான் கயிறு அத்தசைக்குள்ளே மறைந்துபோகிறது.