சிங்கப்பூரில் ஒரு வாரம்: நெல்லிக்குப்பம், நெய்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு

நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தில் சிங்கப்பூர் என்பது தொலைவான பெயர் கிடையாது. பிள்ளையோ மருமகனோ தம்பியோ அங்கே கப்பல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பெற்றோர், "ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்திடலாம்" என்று பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். ஆனால் பயண நிறுவனத்தின் ஏழு நாள் சுற்றுலாவில் போய்த் திரும்புபவர்களில் பலர் சிங்கச் சிலை, கண்ணாடிக் கட்டடம், கடைத்தெரு மூன்றையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த ஊரை உண்டாக்கிய கடலையும் துறைமுகத்தையும், அந்தக் கரையில் நம் ஆட்கள் 200 ஆண்டுகளுக்கு முன் கட்டியவற்றையும் பார்ப்பதில்லை. அவற்றுக்கு இடம் வைத்துத் திட்டம் போடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

திருச்சி, சென்னை இரண்டிலும் விமானக் கட்டணத்தைப் பாருங்கள். நம் ஊரிலிருந்து இரண்டுக்கும் சாலை வழியே பெரிய நேர வித்தியாசம் இல்லை. இரவு விமானம் ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து விடியற்காலையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவீர்கள். விடுதி அறையோ பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். வயதானவர்கள் உடன் வந்தால் அந்த முதல் நாளில் எதையும் வைக்காதீர்கள். பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு ஏதாவது ஒரு பூங்காவில் உட்கார்ந்திருங்கள், போதும்.

விசாவை அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக எடுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். வருகை அட்டை என்று ஒன்று உண்டு. சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. இதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயணத்தின் நடுவில் வருகிற மாதிரி தேதி குறியுங்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அன்றுதான் விடுமுறை. சனி இரவு இறங்கி அடுத்த சனி கிளம்பினால், ஒரே ஞாயிறும் தூக்கக் கலக்கத்தில் போய்விடும். செவ்வாய் அல்லது புதன் இறங்குவது நல்லது. பிள்ளை தங்கியிருக்கும் தொழிலாளர் விடுதியில் உங்களால் தங்க முடியாது என்பதையும் மனத்தில் வைத்து அறை பதிவு செய்யுங்கள்.

பெட்டியில் வைக்கக்கூடாதவை

கசகசா வேண்டாம். குருமாவுக்கு அரைக்கிற அந்தச் சிறு பொட்டலம், அபினிச் செடியின் விதை என்பதால், முன் அனுமதி இல்லாமல் அங்கே கொண்டுபோகக் கூடாத பொருள். மசாலாப் பொடி அரைத்து எடுத்துப் போகிறவர்கள் அதில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஹான்ஸ், குட்கா, ஜர்தா போன்ற மெல்லும் புகையிலை எதுவும் வேண்டாம். சூயிங் கம் 1992 முதல் தடை. மின்சிகரெட்டும் தடை. சாதாரண சிகரெட்டுக்கும் வரிச் சலுகை கிடையாது. ஒரு பாக்கெட் என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும்.

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, கடை அட்டையிலேயே, கைப்பையில் வையுங்கள்.

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: விமான நிலையத்தில் முகம் தெரியாதவரோ, ஊரில் அரைகுறையாகத் தெரிந்தவரோ கொடுக்கும் பொட்டலத்தை வாங்கிப் போகாதீர்கள். "எங்க வீட்டுப் பையனுக்கு ஊறுகாய்தான்" என்றாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்குச் சிங்கப்பூரில் மரண தண்டனை வரை உண்டு, அதை நிறைவேற்றவும் செய்கிறார்கள். பண்ருட்டி முந்திரியை நீங்களே கடையில் வாங்கி, முத்திரை பிரிக்காமல் எடுத்துப் போங்கள். அதைவிட நல்ல அன்பளிப்பு நம் ஊரில் என்ன இருக்கிறது?

அங்கே செய்ய வேண்டியவை

ஒரு காலைப்பொழுதை முழுதாகப் பழைய கடற்கரைக்குக் கொடுங்கள். இன்று தெலுக் ஆயர் தெருவில் நின்றால் நான்கு பக்கமும் வானளாவிய கட்டடங்கள்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் கடலைத் தூர்த்து நிலமாக்கும்வரை அந்தத் தெருதான் கரை. படகிலிருந்து இறங்கியவன் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லக் கட்டிய இடங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. நாகூர் ஆண்டவர் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா அதில் ஒன்று. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. சற்றுத் தள்ளிச் சீனர்களின் கடல் தெய்வமான மாசுவுக்கு எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில். அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் கூரைக் குடிசையாகத் தொடங்கியதால் அதைக் குச்சுப் பள்ளி என்றே தமிழில் அழைத்தார்கள்.

அங்கிருந்து மெல்ல நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலை. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும், 1827இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் ஒரே சாலையில், எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. மாரியம்மன் கோயிலுக்கு அடி போட்டவர் நாராயண பிள்ளை. 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது பினாங்கிலிருந்து அவரோடு கப்பலில் வந்து, செங்கல் சூளை வைத்தவர். அந்தக் கோயில் வேலையில் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்துக் கைவினைஞர்களுக்குப் பங்கு உண்டு என்று சொல்வார்கள். நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் அந்தக் கோபுரத்தின் கீழே நிற்காமல் திரும்பி வருவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு போகிறவர்கள் அங்கே தீமிதித் திருவிழாவைப் பார்க்கலாம். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் நடந்து வருவார்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல்களைச் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள், தொழுகை நேரம். கைகால் மூடிய உடை எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

கப்பல்களைப் பாருங்கள். உலகிலேயே அதிகச் சரக்குப் பெட்டிகள் கையாளப்படும் துறைமுகங்களில் ஷாங்காய்க்கு அடுத்த இடம் சிங்கப்பூருக்கு. அதைக் கண்ணால் காணக் காசு வேண்டாம். மாலையில் மரினா அணைக்கட்டின் புல்தரைக் கூரையில் ஏறி நில்லுங்கள். ஒரு பக்கம் அடிவானம்வரை நங்கூரமிட்ட கப்பல்கள், மறுபக்கம் 2008இல் திறந்த இந்த அணையால் நன்னீர் ஏரியாகிவிட்ட பழைய கடல்வாய். நிலக்கரிச் சுரங்கத்தையும் அதன் ராட்சத இயந்திரங்களையும் பார்த்து வளர்ந்த நெய்வேலிப் பிள்ளைகளுக்குக் கடலை அடைத்துக் குடிநீராக்கிய இந்த வேலை நன்றாகவே புரியும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காக் கரையிலும் கப்பல் வரிசை தெரியும்.

ஒரு நாள் புலாவ் உபின் தீவுக்குப் போங்கள். சாங்கி படகுத் துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் மரப்படகு கிளம்பும். சில வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) கட்டணம், ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். ரப்பர் மரங்களும் கிராமத்து வீடுகளும் அங்கே இன்னும் இருக்கின்றன.

கரையோரப் பூந்தோட்டங்களின் வெளிப்பகுதி இலவசம். ராட்சத மரங்களின் ஒளிக்காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும். கண்ணாடிக் கூடாரங்களுக்கு மட்டும் சீட்டு வேண்டும். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள தாவரவியல் பூங்காவும் இலவசம். செந்தோசா, உயிரியல் பூங்கா இரண்டும் செலவுள்ள இடங்கள். பிள்ளைகள் இருந்தால் இரண்டுக்கும், பெரியவர்கள் மட்டும் என்றால் ஏதாவது ஒன்றுக்கும் போனால் போதும்.

ஞாயிறு மாலையைத் தமிழர்கள் கூடும் தேக்கா வட்டாரத்தில் உங்கள் பிள்ளையோடு கழியுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து பேசும் இடம் எது என்று அவருக்குத் தெரியும். பக்கத்துத் தெருப் பையன்கள் நாலு பேரையாவது அங்கே பார்ப்பீர்கள். அவர்களுக்கும் ஊர்ச் சேதி சொல்லுங்கள். இந்திய மரபுடைமை நிலையம் அங்கேயே கேம்பல் சந்தில் இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும்.

பெருவிரைவு ரயிலிலும் பேருந்திலும் போங்கள். வெளிநாட்டில் செல்லுபடியாகும் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டினாலே போதும். பல நிலையங்களில் பெயர்ப்பலகை தமிழிலும் இருக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்; பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

அங்கே செய்யக்கூடாதவை

அதே ஏழு நாளில் மலேசியாவையும் திணிக்காதீர்கள். ஜொகூர் பாலத்தில் வார இறுதி நெரிசலில் அரை நாள் போய்விடும், திரும்பி நுழைய விசா இடம் கொடுக்கிறதா என்ற கவலை வேறு. ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேலும் வேண்டாம். வருடம் முழுக்கப் புழுக்கம். பிற்பகலில் சொல்லாமல் இடிமழை வரும். சூரியன் உதிக்கக் காலை ஏழு, மறைய மாலை ஏழு ஆகும். நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதால் உடம்புக்குப் பிடிபட இரண்டு நாள் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் "குறைந்த வாடகை வீட்டு அறை"யை எடுக்காதீர்கள். வீடுகளைச் சில நாட்களுக்கு வாடகைக்கு விடுவது அங்கே சட்டவிரோதம்; தனியார் வீட்டுக்கே குறைந்தது மூன்று மாதம். உறவினர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு விஷயம்.

ரயிலில் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, குழந்தைக்கு பிஸ்கட்டும் கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை போகலாம். துரியன் பழத்தோடு ஏறவும் கூடாது. உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டு எழுந்து வராதீர்கள். திருப்பி வைக்க வேண்டும் என்பது 2021 முதல் அமலில் உள்ள விதி. காலி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே உட்காராதீர்கள்.

தேக்கா வட்டாரத்தில் வார இறுதியில் பொது இடத்தில் மது அருந்தத் தடை உண்டு. பிள்ளையின் நண்பர்கள் அழைத்தாலும் தெருவில் வேண்டாம். ஞாயிறு அன்று புல்தரையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்களைக் காட்சிப்பொருள் மாதிரிப் படம் எடுக்காதீர்கள். ஒரு வாரம் முழுக்க உழைத்தவர்களின் ஓய்வு நேரம் அது.

முஸ்தபா கடையில் கடைசி நாள் இரவில் போய் அள்ளாதீர்கள். நடுவாரத்தில் ஒரு காலையில் போங்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். சரக்கு சேவை வரி 9 சதவீதம். திட்டத்தில் சேர்ந்த கடைகளில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கியிருந்தால் சாங்கியில் திருப்பிக் கேட்கலாம். அதற்கான இயந்திரத்துக்குப் போன பிறகே பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படையுங்கள், ஏனென்றால் சுங்கத்துறை பொருளைக் காட்டச் சொன்னால் அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.