எழுத்தெண்ணிப் படித்தல்

நூல்கள் பனையோலையில் வாழ்ந்த காலத்தில், ஏடு பழுதுற்றால் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதுவர். இதனைப் படியெடுத்தல் என்பர். ஒரே சொல் இரண்டு வரிகளில் வரின், எழுதுவோர் கண் இடைப்பட்ட வரியைத் தாண்டிவிடும். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்பது பழமொழி. புதுப்படி எழுதியதும் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கமும் சிலவிடங்களில் இருந்தது. படியிற் பிழையிருக்க, மூலமும் வெள்ளத்தோடு போய்விடின், உண்மைப் பாடத்தை மீட்பது எங்ஙனம்?

இக்காலத்தில் படியெடுக்கும் பணியைக் கணினி செய்கின்றது. நூலாயினும், நிழற்படமாயினும், இசையாயினும் கணினிக்கு அஃது எண்களின் நீண்ட வரிசையே. அவ்வரிசையைக் கோப்பு என்பர். கணினிக்குக் கண்மயக்கம் இல்லை; ஆயினும் அதன் படியும் பிழைபடுவதுண்டு. இணையத் தொடர்பு இடையில் அறுந்தால் கோப்பின் கடைப்பகுதி வந்து சேராது. எழுதி முடியுமுன் பென்டிரைவைப் பிடுங்கினாலும் படி குறைபடும். பழுதுற்ற வட்டு, எண்ணை மாற்றித் தருதலும் கூடும். பெயரும் அளவும் மாறாதிருக்க, உள்ளே ஓரெண் மட்டும் மாறியிருப்பின் அதனை யார் அறிவார்?

இதற்கெனக் கண்ட முறையே சரிபார்ப்பெண். 4, 7, 2, 9 என்பது ஒரு கோப்பு எனக் கொள்வோம். கூட்டினால் 22. படியில் 2 என்பது 3 ஆனால், தொகை 23 ஆகிப் பிழையைக் காட்டிவிடும். ஆனால், 7, 4, 2, 9 என இடம் மாறினால் தொகை மீண்டும் 22 ஆகும், பிழை ஒளிந்துகொள்ளும். ஆதலின் ஒவ்வோர் எண்ணையும் அது நிற்கும் இடத்தின் எண்ணாற் பெருக்கிக் கூட்டுக. மூலத்திற்கு 60, படிக்கு 57. பிழை வெளிப்பட்டது!

இவ்வழியில் மிக நுட்பமாக அமைந்தது எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறை. கோப்பு எத்துணைப் பெரிதாயினும் இம்முறை 64 குறிகளையே தரும். கோப்பில் ஓரெண் மாறினும் அக்குறிகள் பெரிதும் மாறிவிடும். மூலத்தின் குறிகளும் படியின் குறிகளும் ஒத்திருப்பின் படி மெய்யானது என்று கொள்ளலாம். ஒவ்வாவிடின் மீண்டும் படியெடுத்தல் வேண்டும். பிழை எங்குளது என்பதைச் சரிபார்ப்பெண் சொல்லாது.

தற்செயலாக நேரும் பிழை வேறு. வேண்டுமென்றே செய்யும் வஞ்சனை வேறு. 1992இல் வெளியான எம்.டி.5 என்னும் முறையில், வேறுபட்ட இரண்டு கோப்புகளுக்கு ஒரே எண் வருமாறு அமைக்கலாம் என்று 2004இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். மேலும், கோப்பை மாற்றியவனே எண்ணையும் மாற்றித் தந்தால் இரண்டும் ஒத்தே நிற்கும். ஆகவே, சரிபார்ப்பெண்ணை நம்பத்தக்க இடத்திலிருந்து பெறுதல் வேண்டும்.

ஒரு நூலை ஐயந்திரிபறக் கற்றவரை, "எழுத்தெண்ணிப் படித்தவர்" என்று நம் முன்னோர் போற்றினர். கோடிக்கணக்கான எண்களை நமக்காக எண்ணிப் பார்க்கக் கணினி காத்திருக்கிறது. அதனைப் பணிக்கும் பொறுமையே நமக்கு வேண்டுவது. படி மெய்யென்று தெளியுமுன் மூலத்தை ஆற்றில் விடாதீர்!