தாலிக்கொடியை அடகு வைக்கலாமா?

கேள்வி: மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். நான் கொழுந்து பறிக்கிறேன். கணவர் இறப்பர் பால் வெட்டுகிறார். செலவுக்குத் தாலிக்கொடியை அடகு வைக்கலாமா?
– ஒரு தாய், இறக்குவானை

பதில்: அது கழுத்திலேயே இருக்கட்டும், அம்மா! அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசு, இவற்றுக்குத்தான் வழி தேட வேண்டும். முதலில் மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2025 வரவு செலவுத் திட்டம் அதை மாதம் 7,500 ரூபாயாக உயர்த்தியது. அது கிடைக்காவிட்டால் பர்சரி உதவித்தொகை. அதை அதே திட்டம் 6,500 ரூபாயாக உயர்த்தியது. கண்டி இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் வழியே தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே கல்வி நிதியம் ஒன்றும் இருக்கிறது. அதன் அறிவித்தலைக் கவனியுங்கள். ஒன்று மட்டும்: பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாதமே உதவிப்பணம் கைக்கு வராது. சீட்டுப் போட்டிருந்தால், முதல் சில மாதங்களுக்கு அந்தக் காசை ஒதுக்கிவையுங்கள். விண்ணப்பத்துக்கு வேண்டிய வருமானச் சான்றிதழுக்குக் கிராம உத்தியோகத்தரை இந்த வாரமே பாருங்கள். மகளுக்கு வாழ்த்துகள்!