நடுவரைத் துரத்தினால் கஜானா நிரம்பாது

"ஒப்பந்தத்திலிருந்து ஆர்பிட்ரேஷன் (நடுவர் முறை) ஷரத்தை எடுத்துவிட்டால் அரசுப் பணம் கோடிக்கணக்கில் மிச்சமாகும்." ஒப்பந்த வழக்குகளையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 2024 ஜூனில் மத்திய நிதியமைச்சகம் இதுபற்றிக் குறிப்பாணை வெளியிட்டதிலிருந்து, "டெல்லியே நிறுத்திவிட்டதே" என்று வேறு சேர்த்துக்கொள்கிறார்கள். அதைப் படித்துவிட்டாவது பேசலாம். 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளுக்கு நடுவர் முறை தொடரலாம் என்றே அது சொல்கிறது. அதற்கு மேலும் உயர்மட்ட ஒப்புதலோடு வைத்துக்கொள்ள இடமுண்டு.

ஒழித்துப் பார்த்த மாநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. உலக வங்கிக் கடனில் நடந்த கல்லடா பாசனத் திட்டத்தில் ஒப்பந்ததாரர்களும் அதிகாரிகளும் நடுவர்களும் கூட்டுச் சேர்ந்து நஷ்டம் உண்டாக்கினார்கள் என்று சொல்லி, கேரளம் 1998இல் ஜனாதிபதி ஒப்புதலோடு சட்டமே போட்டது: ஷரத்துகள் ரத்து, முடிந்த தீர்ப்புகளையும் மறுபடி திறக்கலாம். 2013இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. நீதிமன்ற அதிகாரத்தில் சட்டமன்றம் கைவைக்க முடியாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் முடித்துவைத்தது. இருபத்து நான்கு ஆண்டுகள்! அதுவரை வட்டி தூங்கிக்கொண்டா இருக்கும்?

கஜானாவைத் தின்பது அந்த வட்டிதான். நடுவர் சட்டத்தின் 2015 திருத்தத்துக்கு முன், நடுவர் வேறு விகிதம் சொல்லாவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீதம். 10 கோடியைப் பத்தாண்டு இழுத்தடித்தால் வட்டி மட்டும் 18 கோடி. சிவில் கோர்ட்டுக்குப் போனால் மட்டும் வட்டி ஓடாதா?

டெல்லி மெட்ரோ ஜெயிக்கவில்லையா என்பார்கள். ஜெயித்தது. 2017இல் அதற்கு எதிராகச் சுமார் 2,782 கோடிக்கு வந்த நடுவர் தீர்ப்பு வட்டியோடு 8,000 கோடியைத் தொட்டு, மறுஆய்வு மனுவும் தள்ளுபடியாகி, 2024 ஏப்ரலில் கடைசி வாய்ப்பான குறைதீர் மனுவில் ஜெயித்தது. இதை நம்பியா பட்ஜெட் போடுவது?

நடுவர் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்கே போக முடியாது என்பதும் தவறு. நடுவர் சட்டத்தில் 34ஆம் பிரிவு இருக்கிறது, காரணங்கள்தான் குறைவு. மனுப் போட்டாலே தடை கிடைக்கும் என்ற காலமும் 2015ஓடு போயிற்று.

அரசு தோற்பது நடுவரிடம் அல்ல, வேலை நடக்கும் சைட்டில். நிலம் கைக்கு வருமுன்னே டெண்டர் விடுகிறோம். வேலை நின்ற நாட்களைத் தடைப் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. ஒப்பந்ததாரரிடம் தேதிவாரியாகக் கடிதம் இருக்கும். துறையிடம் "வாய்மொழியாகச் சொன்னோம்" என்ற பதில் இருக்கும். எந்த நடுவர் யாரை நம்புவார்? வாரம் ஒருமுறை அந்தப் பதிவேட்டில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் உதவிப் பொறியாளர் விளக்கம் தர வேண்டும் என்று ஓர் அரசாணை போடுங்கள். அதற்கு ஜனாதிபதி ஒப்புதல் தேவையில்லை.