பூத்த வெள்ளரி காய்க்கவில்லையா?

மாடித்தோட்டம் போட்டிருப்பவர்கள் வெள்ளரி பற்றிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ‘கொடி நல்லா படர்ந்திருக்கு, மஞ்சள் மஞ்சளாப் பூக்குது. ஆனா ஒரு பிஞ்சுகூட நிக்கலையே, என்ன மருந்து அடிக்கலாம்?’ மருந்து எதுவும் வேண்டாம் என்பதே என் பதில். அவசரப்பட்டு மருந்து அடித்தால் பூவைத் தேடி வரும் தேனீயும் வராமல் போய்விடும். சரியான பட்டமும் தவறாத தண்ணீரும் தேனீயும் இருந்துவிட்டால் வெள்ளரி தானாகக் காய்க்கும்.

பூவைத் திருப்பிப் பாருங்கள்

வெள்ளரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே கொடியில்தான் வரும். ஆனால் முதலில் வருவது ஆண் பூக்கள். ஒரு வாரம், பத்து நாள்வரை அவை மட்டுமே பூத்து உதிரும். அது நோயல்ல, கொடியின் இயல்பு. பூவின் பின்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. காம்புக்கும் இதழுக்கும் நடுவே முள்முள்ளாக, மயிர் படர்ந்த குட்டி வெள்ளரி ஒன்று இருந்தால் பெண் பூ.

பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகி வதங்கினால், மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். நாலாவது, ஐந்தாவது மாடிகளில் தேனீ நடமாட்டம் குறைவாக இருக்கும். அங்கே நாமே கைகொடுக்க வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதுக்குள், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் நிற்கும் மகரந்தப் பகுதியைப் பெண் பூவின் நடுவே மெதுவாக ஒற்றி எடுங்கள். பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும் என்பதால் மறுநாளைக்குத் தள்ளக் கூடாது. மகரந்தம் சேர்ந்திருந்தால் இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பச்சை மாறாமல் பருக்கத் தொடங்கும். காய் ஒரு முனை பருத்தும் மறுமுனை சூம்பியும் வளைந்தால், மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்திருக்கலாம். பக்கத்தில் துளசி, செண்டுமல்லி, சூரியகாந்தி வைத்தால் தேனீக்கள் தேடி வரும்.

பட்டமும் விதைப்பும்

நம் ஊருக்கு ஆனி-ஆடியும் தை-மாசியும் ஏற்ற பட்டங்கள். கடும் வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூக்களைக் கூட்டிவிடும். அதனால் சித்திரையில் விதைத்தவர்களுக்குக் காய் குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை நோய் தாக்கும்.

ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள். பதினைந்து அங்குல உயரமும் அகலமும் உள்ள பையில் ஒரு கொடி போதும். செம்மண், மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம், கோகோபீட் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் சேருங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் அறுபட்டுக் கொடி ஏங்கிப்போகும். நேரடியாகப் பையிலேயே ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு விதை ஊன்றுங்கள். நாலிலிருந்து ஆறு நாளில் முளைக்கும். வலுவானதை விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசைந்துவிடும்.

தரையில் படரவிடுவதைவிடக் கொடி வலையில் ஏற்றுவது நல்லது. காற்றோட்டம் கிடைக்கும், காயும் வளையாமல் நேராகத் தொங்கும்.

தண்ணீரும் கசப்பும்

வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர்தான். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினால் கொடி தவிக்கும். தண்ணீர்ப் பற்றாக்குறையும் கடும் வெயிலும் சேர்ந்தால், ‘குக்கர்பிட்டசின்’ என்ற கசப்புப் பொருள் காயில் கூடும். காம்புப் பக்கமும் தோலும்தான் அதிகம் கசக்கும். அந்தப் பகுதியை நீக்கியும் நாக்கைச் சுண்டும் கசப்பு இருந்தால் அந்தக் காயைச் சாப்பிடாதீர்கள், வயிற்றைக் கெடுத்துவிடும். தினமும் காலையில் வேரடியில் நீர் விடுங்கள். வெயில் காலத்தில் மாலையிலும் கொஞ்சம் விடலாம். இலைமேல் ஊற்ற வேண்டாம். காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும்.

பத்து நாளுக்கு ஒருமுறை, லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம். யூரியா போட்டால் இலைதான் தழைக்கும், காய் பின்தங்கும்.

பூச்சியும் நோயும்

முளைத்த இரண்டு வாரத்தில் சிவப்புப் பூசணி வண்டு இலையைத் துளைத்துத் தின்னும். அதிகாலையில் மந்தமாக இருக்கும்போது கையாலேயே பிடித்துவிடலாம். அசுவினி வந்தால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். தேனீ கூடு திரும்பிய பிறகு, மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

பழ ஈ குத்திய காயில் ஊசிமுனை அளவுப் புள்ளி தெரியும், உள்ளே புழு வைத்து அழுகும். அதை உரக்குழியில் போட்டால் ஈ மறுபடி பெருகும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வைத்து அழியுங்கள். பருக்கத் தொடங்கிய பிஞ்சுகளுக்குச் சிறு வலைப்பை மாட்டிவிட்டால் ஈ அண்டாது.

இலையில் நரம்புகளுக்கு நடுவே கோணல்மாணலாக மஞ்சள் திட்டு விழுந்தால் அது அடிச்சாம்பல் நோய். அந்த இலைகளை உடனே கிள்ளி அகற்றுங்கள். இலை சுருங்கித் தேமல் போட்டால் அது வைரஸ், கொடியையே பிடுங்க வேண்டியதுதான். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் வெள்ளரி இலையைக் கருக்கிவிடும், தூவாதீர்கள்.

பறிக்கத் தயங்காதீர்கள்

விதைத்த 45 நாளில் முதல் காய் கிடைக்கும். அதன்பின் இரண்டு நாளுக்கு ஒருமுறை, தோல் இளம்பச்சையாக இருக்கும்போதே கத்தரித்து எடுங்கள். ‘இன்னும் பெருக்கட்டும்’ என்று விட்ட ஒரே ஒரு காய் முற்றினாலும், விதை சேர்ந்த திருப்தியில் கொடி புதுப் பிஞ்சைக் குறைத்துவிடும். விதைக்கு விடுவதானால், நாட்டு ரகத்தில், கடைசிப் பறிப்பில் ஒரு காயை மஞ்சளாகும்வரை விடுங்கள். வீரிய ஒட்டு ரக விதை அடுத்த முறை அதே காயைத் தராது.

வெள்ளரியின் ஆயுள் மூன்று மாதம்தான். அதனால் எல்லாப் பையிலும் ஒரே நாளில் விதைக்காமல், இருபது நாள் இடைவெளியில் இரண்டு இரண்டு பையாக விதையுங்கள். ஒரு கொடி ஓயும்போது அடுத்தது காய்க்கத் தொடங்கியிருக்கும். வீட்டுக்கு வேண்டிய வெள்ளரியைப் பட்டம் முழுவதும் கடையில் வாங்க வேண்டியிருக்காது.